ஓக் ஹில் அகாடமி: மலையோரச் சின்னப் பள்ளியும் அதன் கூடைப்பந்தும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏ கூடைப்பந்து பார்க்கிறவர்கள், பிடித்த வீரரின் பள்ளிக் கதையைத் தேடிப் போனால் ஒரு பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ஓக் ஹில் அகாடமி. கார்மெலோ ஆந்தனி அங்கே படித்தார். கெவின் டுரான்ட் படித்தார். ராஜான் ராண்டோ படித்தார். அப்படியானால் அது ஏதோ பெருநகரத்தில், பெரிய ஸ்டேடியத்தோடு இருக்கும் பள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பல வருடங்களாக இந்தப் பள்ளியைப் பற்றி வாசித்தும் பழைய ஆட்டங்களைப் பார்த்தும் வருகிறேன். நண்பர்களும் புதிதாக இந்த ஆட்டத்துக்கு வரும் பிள்ளைகளும் என்னிடம் அதிகம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஓக் ஹில் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் விர்ஜினியா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், கிரேசன் கவுண்டியில். ஊரின் பெயர் மவுத் ஆஃப் வில்சன். வில்சன் ஓடை நியூ ரிவர் ஆற்றில் கலக்கும் முகத்துவாரம் என்று பொருள். ஊர் என்று சொன்னாலும் சிதறிக் கிடக்கும் வீடுகளும் புல்வெளிகளும்தான். நார்த் கரோலினா எல்லை கூப்பிடு தூரம். பக்கத்திலேயே விர்ஜினியாவின் மிக உயரமான மலை மவுண்ட் ராஜர்ஸ், 1,746 மீட்டர். அதை ஒட்டிய கிரேசன் ஹைலண்ட்ஸ் பூங்காவில் குட்டையான காட்டுக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த இடத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பள்ளியின் விளையாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. நியூயார்க்கின் பிராங்க்ஸிலிருந்தோ லாஸ் ஏஞ்சலஸிலிருந்தோ வரும் பதினேழு வயதுப் பையன் வண்டியை விட்டு இறங்கியதும் பார்ப்பது மலை, மாடு, மரம். சாயங்காலம் சுற்றிவரக் கடைத்தெரு கிடையாது. வகுப்பு, விடுதி, சாப்பாட்டுக் கூடம், ஜிம். அவ்வளவுதான்.

யார் ஆரம்பித்தது? கூடைப்பந்துக்காகவே ஆரம்பித்ததா?

இல்லை. 1878-இல் அந்த வட்டாரத்து பாப்டிஸ்ட் கிறிஸ்தவச் சபைகள் சேர்ந்து தொடங்கியது. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நல்ல பள்ளி இல்லை, அதற்காகத்தான். கூடைப்பந்து என்ற ஆட்டமே 1891-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, பள்ளி ஆட்டத்தைவிடப் பதின்மூன்று வயது மூத்தது.

பின்னாளில் அரசுப் பள்ளிகளும் சாலைகளும் வந்த பிறகு உள்ளூர்ப் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். ஓக் ஹில் மெல்ல மெல்ல வெளியூர்ப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியாக மாறியது. தன் ஊரில் படிப்பில் தடுமாறிய பிள்ளை, கூடாத சகவாசத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கும் பிள்ளை, சின்ன வகுப்பறையில்தான் தேறும் என்ற பிள்ளை என இப்படிப்பட்டவர்களுக்கு அது புகலிடம்.

எத்தனை பேர் படிக்கிறார்கள்? பெண் பிள்ளைகளும் உண்டா?

உண்டு. இருபாலரும் படிக்கும் பள்ளி, எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதி. புகழின் உச்சியில் இருந்த வருடங்களிலும் மொத்தம் நூற்றைம்பது பேர் அளவில்தான் இருந்தார்கள். நம் ஊர் பெரிய மேல்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பின் மூன்று செக்‌ஷனைச் சேர்த்தால் அந்தக் கணக்கு வந்துவிடும்.

அந்த நூற்றைம்பதில் நாடறிந்த கூடைப்பந்து வீரர்கள் ஒரு டஜன் பேர் இருந்தால் அதிகம். மற்ற அத்தனை பேரும் படிக்க வந்தவர்கள். ஓக் ஹில் பற்றி எழுதுகிறவர்கள் இவர்களை அநேகமாக மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஜிம்மில் உட்கார்ந்து கத்தி ஆதரவு கொடுத்தவர்கள் அவர்கள்தானே. டுரான்டுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பெண்ணும் அந்தப் பள்ளியின் வரலாறுதான்.

அப்படிப்பட்ட பள்ளிக்குக் கூடைப்பந்து எப்படி வந்தது?

1970-களின் பிற்பகுதியில் பள்ளி நிர்வாகம் எடுத்த முடிவு அது. மலைக்குள் ஒளிந்திருக்கும் பள்ளியைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள். நல்ல கூடைப்பந்து அணி ஒன்று இருந்தால் பள்ளியின் பெயர் நாலு ஊருக்குப் போகும். கூடைப்பந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: ஐந்து பேர் களத்தில், மாற்று ஆட்களோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் ஐம்பது பேர் வேண்டும். சின்னப் பள்ளியால் தாங்க முடியாது.

1980-களின் தொடக்கத்திலேயே பலன் தெரிந்தது. அந்தக் காலத்து நட்சத்திரம் கால்வின் டங்கன் ஒரே ஆட்டத்தில் 61 புள்ளிகள் எடுத்தது பள்ளிச் சாதனையாக நின்றது. பிராங்க்ஸ் பையன் ராட் ஸ்ட்ரிக்லண்ட் தன் கடைசிப் பள்ளி ஆண்டை இங்கே ஆடிவிட்டுப் போய், 1988-இல் என்பிஏவின் நியூயார்க் நிக்ஸ் அணிக்குத் தேர்வானார். அதற்கப்புறம் நியூயார்க் தெருக்கோர்ட்டுகளில் ஓக் ஹில் என்ற பெயர் பரவிவிட்டது.

ஸ்டீவ் ஸ்மித் யார்?

ஓக் ஹில்லின் பாரம்பரியம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இவரைத்தான். உதவிப் பயிற்சியாளராக வந்து, 1985-இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2022-இல்தான் ஓய்வு பெற்றார். முப்பத்தேழு சீசன்கள்! வெற்றிகள் 1,200-க்கும் மேல். தோல்விகள் நூற்றுக்கும் கீழே. அதாவது வருடத்துக்கு மூன்று தோல்விகூட இல்லை. அதுவும் எளிய எதிரிகளோடு ஆடி அல்ல. நாட்டின் முன்னணிப் பள்ளிகளைத் தேடிப்போய், பெரும்பாலும் அவர்கள் ஊரிலோ பொது அரங்கிலோ ஆடியது.

இந்த எண்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. அவருக்கு ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட புது அணி. செப்டம்பரில் ஐந்து ஊரிலிருந்து ஐந்து நட்சத்திரங்கள் வருவார்கள். ஒவ்வொருவனும் தன் பழைய பள்ளியில் ஒரு ஆட்டத்துக்கு முப்பது புள்ளி எடுத்தவன், பந்து எப்போதும் தன் கையில் இருந்து பழகியவன். நவம்பருக்குள் அவர்களை ஒரே அணியாக்க வேண்டும். இங்கே பன்னிரண்டு புள்ளிதான் வரும், ஆனாலும் நீ இதே அளவு உழைக்க வேண்டும் என்று பதினேழு வயதுப் பையனுக்குப் புரியவைப்பது லேசான வேலையா? அதை முப்பத்தேழு முறை செய்தார். கல்லூரிகளுக்குப் போய்ப் பெரிய சம்பளம் வாங்கியிருக்கலாம், போகவில்லை. மலையிலேயே இருந்துவிட்டார்.

"தேசிய சாம்பியன்" பட்டம் ஒன்பது என்கிறார்கள். அதை யார் கொடுப்பது?

நல்ல கேள்வி. அமெரிக்கப் பள்ளி விளையாட்டில் மாநில அளவோடு போட்டிகள் முடிந்துவிடும். நாடு முழுமைக்கும் சேர்த்து அதிகாரபூர்வப் போட்டி கிடையாது. யுஎஸ்ஏ டுடே போன்ற நாளிதழ்கள் தரவரிசை வெளியிடும், சீசன் முடிவில் முதலிடத்தில் இருக்கும் பள்ளியைத் தேசிய சாம்பியன் என்பார்கள். ஓக் ஹில்லின் பட்டங்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவை. முதல் பட்டம் 1993-இல். அந்த அணியில் ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸும் ஜெஃப் மெக்கின்னிஸும் இருந்தார்கள், 36 ஆட்டம், 36 வெற்றி. இருவரும் சேர்ந்தே நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள்.

தரவரிசையில் வரும் பட்டம் உண்மையான பட்டமா என்று சிலர் கேட்பார்கள். 2009 முதல் முன்னணிப் பள்ளிகளை அழைத்து சீசன் கடைசியில் ஒரு தேசியப் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். ஓக் ஹில் 2016-இல் அதையும் நியூயார்க்கில் வென்றது. என் கணக்கில் அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது.

2002 ட்ரென்டன் ஆட்டத்தைப் பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

2002 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. நியூஜெர்சி மாநிலம் ட்ரென்டன் நகரம். அன்று சாயங்காலம் பிலடெல்பியாவில் என்பிஏ நட்சத்திரங்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டம். அங்கிருந்து ட்ரென்டன் ஒரு மணி நேரத் தூரம்தான். அதனால் என்பிஏ ஆட்களும் பத்திரிகைக்காரர்களும் பகலில் இந்தப் பள்ளி ஆட்டத்தைப் பார்க்க வந்துவிட்டார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது.

ஒரு பக்கம் ஒஹையோ மாநிலம் ஆக்ரனின் செயின்ட் வின்சென்ட்–செயின்ட் மேரி பள்ளி. அதில் பதினேழு வயது லெப்ரான் ஜேம்ஸ், இன்னும் ஒரு வருடப் பள்ளிப் படிப்பு பாக்கி. மறுபக்கம் ஓக் ஹில். அதில் பால்டிமோரிலிருந்து கடைசி ஆண்டுக்காக வந்து சேர்ந்த கார்மெலோ ஆந்தனி.

லெப்ரான் 36 புள்ளிகள். கார்மெலோ 34 புள்ளிகள், 11 ரீபவுண்டுகள் (கூடை தவறிய பந்தைப் பிடிப்பது). ஓக் ஹில் 72, எதிரணி 66.

எண்களைப் பார்த்தால் லெப்ரான் இரண்டு புள்ளி கூட. ஆனால் ஆட்டம் ஓக் ஹில்லுக்கு. லெப்ரானின் பள்ளியிலும் நல்ல பையன்கள் இருந்தார்கள், சிறு வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். ஓக் ஹில் பையன்களோ சில மாதங்கள்தான் சேர்ந்து ஆடியவர்கள். அந்தச் சில மாதத்தில் ஒருவரை ஒருவர் நம்பப் பழகியிருந்தார்கள் என்பது அன்று தெரிந்தது. அடுத்த வருடம் நடந்த என்பிஏ டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், லெப்ரான் முதல் இடம். கார்மெலோ சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருடம் ஆடி, அந்த வருடமே கல்லூரிச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் இடத்தில் தேர்வானார். பின்னால் இருவரும் ஒரே அமெரிக்க அணியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள்.

ராஜான் ராண்டோவின் 494 என்பது என்ன கணக்கு?

ஒரு சீசனில் அவர் கொடுத்த அசிஸ்டுகள். நீங்கள் கொடுத்த பாஸை வாங்கியவர் உடனே கூடையில் போட்டால் அது உங்கள் கணக்கில் ஒரு அசிஸ்ட். 1993-இல் மெக்கின்னிஸ் வைத்த 303 பள்ளிச் சாதனையாக இருந்தது. பத்து வருடம் யாரும் தாண்டவில்லை. 2003–04 சீசனில் லூயிவில்லிலிருந்து வந்த ராண்டோ அதைத் தாண்டி 494-இல் போய் நின்றார்.

அமெரிக்கப் பள்ளி ஆட்டம் மொத்தம் 32 நிமிடம்தான், எட்டு எட்டு நிமிடமாக நாலு கால் பகுதி. ராண்டோ ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு டஜன் அசிஸ்ட் கொடுத்தார். இரண்டரை, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை தன் பாஸால் ஒரு கூடை விழவைத்திருக்கிறார், அதுவும் சீசன் முழுக்க. ஓர் ஆட்டத்தில் மட்டும் 31. அதே பையன் நினைத்தால் தானே போடவும் தெரிந்தவர். இன்னோர் ஆட்டத்தில் 55 புள்ளிகள் எடுத்திருக்கிறார்.

ராண்டோவின் கை பெரிது. பந்தை ஒரே கையில் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது போலக் காட்டி, தடுக்க வருகிறவன் அந்தப் பக்கம் சாய்ந்ததும் அதே கையை முன்னால் கொண்டுவந்து கூடையருகே நிற்பவருக்குத் தட்டிவிடுவார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் உலகம் பார்த்து வியந்த வித்தை இது. அந்த அணியோடு 2008-இலும், லேக்கர்ஸோடு 2020-இலும் சாம்பியன் ஆனார். பள்ளியில் அவருடைய பாஸை வாங்கிப் பாய்ந்து போட்டவர்களில் ஒருவர் ஜாஷ் ஸ்மித். அந்த சீசனில் அணி தோற்கவே இல்லை: 38 ஆட்டம், 38 வெற்றி.

கெவின் டுரான்ட் ஒரு வருடம்தானே இருந்தார்? அவரை ஓக் ஹில் மாணவர் என்று சொல்லலாமா?

2004–05 ஆண்டு மட்டும் இருந்தார், நம் கணக்கில் பதினோராம் வகுப்பு. கடைசி ஆண்டுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் மேரிலாந்தில் இருந்த மான்ட்ரோஸ் கிறிஸ்டியன் பள்ளிக்குப் போய்விட்டார். மான்ட்ரோஸ்காரர்கள் அவரைத் தங்கள் பையன் என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் வீட்டை விட்டு மலைக்கு வந்து ஒரு முழு ஆண்டு விடுதியில் இருந்து, நாடு முழுக்கச் சுற்றி ஆடியவர் என்பதால் ஓக் ஹில்லுக்கும் பங்கு உண்டு. ஒரு பிள்ளைக்கு இரண்டு பள்ளி இருப்பதில் தவறென்ன?

வெளியூர் நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டு ஜெயிப்பது நியாயமா?

அமெரிக்காவில் இந்த விவாதம் நாற்பது வருடமாக நடக்கிறது. ஊர்ப்பள்ளிப் பயிற்சியாளர் ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த பையனை, கடைசி வருடத்தில் எங்கோ இருக்கும் தனியார் பள்ளி கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் எல்லாப் பள்ளியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. படிப்பே நடத்தாமல் மதிப்பெண் சான்றிதழ் மட்டும் அடித்துக்கொடுத்த போலிப் பள்ளிகள் ஒரு காலத்தில் முளைத்தன. 2006-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ அத்தகைய பள்ளிகளின் சான்றிதழை ஏற்க மாட்டோம் என்று பட்டியலே வெளியிட்டது. நெவாடாவில் ஃபிண்ட்லே பிரெப் என்று ஒன்று அணிக்காகவே உருவானது. 2006-இல் ஆரம்பித்து, பெரிய பெரிய வெற்றி எல்லாம் பெற்று, 2019-இல் மூடப்பட்டது.

நான் போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றுதான்: பந்தை எடுத்துவிட்டால் பள்ளி மிஞ்சுமா? ஓக் ஹில்லில் மிஞ்சும். கூடைப்பந்தைத் தொடாத நூறு பிள்ளைகள் அங்கே படித்துத் தேறிப் போகிறார்கள். கல்லூரியில் சேரத் தேவையான மதிப்பெண் இல்லாமல் வந்து, இங்கே உட்கார்ந்து படித்து, தேர்வு எழுதித் தகுதி பெற்ற வீரர்களும் உண்டு. கார்மெலோவே சிராக்யூஸ் போவதற்கு அந்தத் தேர்வுக்காகப் பாடுபட்டவர்தான்.

அங்கே பையன்களின் அன்றாடம் எப்படி இருக்கும்?

கண்டிப்பான விடுதி வாழ்க்கை. காலையில் வகுப்பு, சாயங்காலம் பிராக்டிஸ், இரவு மேற்பார்வையோடு படிப்பு நேரம், அப்புறம் விளக்கணைப்பு. பாப்டிஸ்ட் பள்ளி என்பதால் ஆராதனைக்கும் போக வேண்டும். கைப்பேசிக்குக் கடும் கட்டுப்பாடு. டிவியில் முகம் வந்த வீரனும் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றுதான் சாப்பாடு வாங்க வேண்டும். முதல் சில வாரம் வீட்டு ஏக்கத்தில் ஓடிவிடலாமா என்று இருந்தது என்று பழைய மாணவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆட்கள் பிற்காலத்தில், கல்லூரி விடுதியும் ஊர்ப்பயணமும் தங்களுக்குச் சிரமமாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறார்கள்.

தங்க அணி, சிவப்பு அணி என்கிறார்களே?

நாடு சுற்றி ஆடும் முன்னணி அணி தங்க அணி. சிவப்பு அணி அக்கம்பக்கத்துப் பள்ளிகளோடு ஆடுவது. தங்க அணிக்கு எட்டாத பையன்களுக்கும் சீருடை போட்டு ஆட ஒரு இடம் கிடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் தனி அணிகள் உண்டு. எல்லா அணிகளுக்கும் பொதுப் பெயர் வாரியர்ஸ்.

பள்ளியிலிருந்து நேரே என்பிஏ போனவர்கள் உண்டா?

உண்டு. செனகல் நாட்டிலிருந்து வந்த டெசகானா ஜாப் 2001-இல் எட்டாம் இடத்தில் தேர்வானார். ஜாஷ் ஸ்மித் 2004-இல் பதினேழாம் இடத்தில், தன் சொந்த ஊர் அட்லாண்டா அணிக்கே போனார். 2006 டிராஃப்டிலிருந்து விதி மாறியது: பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஒரு வருடமும் கழிந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைக் கல்லூரியில் கழிக்க விரும்பாத ஓக் ஹில் பையன் பிராண்டன் ஜென்னிங்ஸ், 2008-இல் இத்தாலிக்குப் போய் ரோம் அணியில் சம்பளத்துக்கு ஆடினார். திரும்பி வந்து மில்வாக்கி அணியில் ஆட ஆரம்பித்த முதல் மாதத்திலேயே ஒரு ஆட்டத்தில் 55 புள்ளிகள் எடுத்தார்.

இப்போது ஏன் முன்னைப் போலப் பேர் அடிபடுவதில்லை?

போட்டி கூடிவிட்டது. ஃபுளோரிடாவில் மான்ட்வெர்டே, ஐஎம்ஜி என்று பெரிய பள்ளி வளாகங்கள், நிறையப் பணம், நல்ல வெயில். பஞ்சாப் கிராமத்திலிருந்து போன சத்னாம் சிங் பயின்றது ஐஎம்ஜியில்தான். 2015-இல் டல்லாஸ் அணி அவரை எடுத்தது, என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவர். 2021-இல் ஓவர்டைம் எலீட் என்ற லீக் வந்து, பள்ளி வயதுப் பையன்களுக்குச் சம்பளமே கொடுக்க ஆரம்பித்தது. அதே வருடம் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. பணம் கண்ணுக்குத் தெரியும்போது, கைப்பேசியைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போ என்று சொன்னால் எத்தனை பேர் போவார்கள்? மறு வருடம் ஸ்டீவ் ஸ்மித்தும் ஓய்வு பெற்றார்.

ஆனாலும் கெல்டன் ஜான்சன், கோல் ஆந்தனி என்று சமீபகாலம்வரை இங்கிருந்து என்பிஏவுக்கு ஆள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

ட்ரென்டன் ஆட்டத்தின் காட்சிகள் இணையத்தில் கிடைக்கும். முதல் முறை லெப்ரானையும் கார்மெலோவையும் பாருங்கள், எல்லோரும் அதைத்தான் செய்வோம். இரண்டாம் முறை ஓக் ஹில்லின் மற்ற நாலு பேரை மட்டும் பாருங்கள். கார்மெலோ கையில் பந்து இருக்கும்போது யார் எங்கே நகர்கிறார்கள், தடுப்பவனை எப்படி இழுத்துக்கொண்டு ஓரம் போகிறார்கள், கூடை தவறினால் பந்துக்கு யார் முதலில் ஓடுகிறார்கள் என்று கவனியுங்கள். தங்கள் ஊரில் தாங்களே நட்சத்திரமாக இருந்த பையன்கள் அவர்கள்.